மங்களம் பாடாத கும்மி

முதலில் போனது ஊக்கு. தவில் சத்தத்துக்கும் அத்தனை பேர் சலங்கைச் சத்தத்துக்கும் நடுவே அது தரையில் விழுந்தது எனக்குக் கேட்டிருக்க வழியில்லை. ஆனாலும் கேட்டது போலத்தான் நினைவில் இருக்கிறது.

அடுத்தது கொசுவம். குதித்து இறங்கியபோது வயிற்றுக்கு முன்னால் சில்லென்று இருந்தது. குனிந்து பார்த்தேன். கஞ்சி விறைப்போடு நின்ற, பொன்கரை போட்ட கேரளக் கசவுச் சேலையின் மடிப்புகள் மொத்தமாகப் பிரிந்து, பளபளக்கும் ஸ்டூடியோத் தரையில் விசிறி போலக் கிடந்தன.

மூன்றாவதாக உள்பாவாடையின் பின்பக்கம் இறங்கத் தொடங்கியது. அதை ஒரு கையால் பிடித்தேன். இன்னொரு கை பழக்கத்தில் தாளம் தட்டப் போய், தட்ட எதிர்க்கை இல்லாமல் காற்றில் நின்றது.

ஓண வாரம். கொச்சியில் ஒரு மலையாளச் சேனலின் காலை நிகழ்ச்சி. நேரலை. பிறகு பார்த்து வெட்டி எறிய வழியில்லாத ஒளிபரப்பு.

கன்னத்தை ஒட்டி மைக் இருந்ததால் நான் சொன்ன ஒரே ஒரு சொல்லும் வீடு வீடாகப் போனது. "அய்யோ" என்று கத்தவில்லை. "அட" என்றேன். அவ்வளவுதான்.

நாங்கள் யார்

கஞ்சிக்கோட்டில் நான் பார்க்கும் வேலையைப் பற்றி இந்தப் பத்தியில் முந்தைய வாரங்களில் எழுதியிருக்கிறேன். இன்றுதான் படிக்க வருகிறவர்களுக்காக மறுபடியும்: எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள், ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒரு பொருள் கெட்டுப்போனால் எது முதலில் கெட்டது, எந்தச் சுமையில், அதற்கு முன் என்ன மாறியது என்று வரிசையாக எழுதுவது என் வேலை. வேலைக்கு வெளியேயும் அப்படித்தான் யோசிப்பேன். அம்மாவுக்கு இது பிடிக்காது.

விடுமுறை நாட்களில் வள்ளிக்கும்மி. வள்ளி முருகன் கதையைப் பாடிக்கொண்டே பெண்கள் வட்டமாக நின்று கைகொட்டி, குனிந்து, குதித்து ஆடுவது. கேரளத்துக்குள் தமிழ் பேசும் எல்லை ஊரான கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள தோட்டத்து வீட்டுப் பெண்கள் சேர்ந்த குழு எங்களுடையது. சாவித்திரியக்கா பாட்டெடுப்பார். ஊரில் தையல் கடை வைத்திருப்பவர். அவர் எடுப்பதை வாங்கிப் பாடி, ஆடுவது நான். ஆகவே அன்று மைக் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும். அக்காவுக்கு முட்டிவலி, குதிக்க மாட்டார். குதித்தவள் நான்.

வட்டம் மூடியது

களத்தில் ஆடும்போது சேலை அவிழ்வது எங்களுக்குப் புதிதல்ல. அதற்கு ஒரு வழக்கம் உண்டு. பாட்டெடுப்பவர் "கூடுங்க புள்ளைகளா!" என்று ஒரு குரல் கொடுப்பார். வட்டம் சுருங்கும். அவிழ்ந்தவள் நடுவுக்குப் போய்விடுவாள். மற்றவர்கள் அவளைச் சுற்றித் தோளோடு தோள் ஒட்டி, முதுகை வெளியே காட்டி, கைகொட்டிக்கொண்டே இருப்பார்கள். தவில்காரர் வேறு பக்கம் திரும்பி வாசிப்பார். உள்ளே இருப்பவள் கட்டி முடித்ததும் வட்டம் விரியும். பார்ப்பவர்கள் அதற்குள் சோளப்பொரி வாங்கப் போய்விட்டு வருவார்கள்.

அன்றும் அக்கா குரல் கொடுத்தார். வட்டம் மூடியது. எள் போட்டால் கீழே விழாத நெருக்கம். நானும் நிம்மதியாகச் சேலையைத் திரட்டிச் செருகத் தொடங்கினேன்.

மேலே கிரேனில் ஒரு கேமரா இருந்ததை யாரும் நினைக்கவில்லை. நான் கூட.

ஸ்டூடியோவில் எந்தக் கேமராவின் காட்சி வெளியே போகவேண்டும் என்று தேர்ந்தெடுக்க உள்ளறையில் ஒருவர் இருப்பார். அந்த நேரத்தில் அவருடைய திரைகளில் என்ன தெரிந்திருக்கும் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். சுற்றியிருந்த கேமராக்கள் எல்லாவற்றிலும் முதுகு, முதுகு, முதுகு. ஒன்றில் மட்டும் பூப்போல ஒரு வட்டமும், நடுவில் ஏதோ அசைவும். அவர் கை அங்கேதான் போயிருக்கும்.

என்னைச் சுற்றி யாருமே பார்க்க முடியாதபடி மூடிக்கொண்டதால்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

பிறகு விளம்பரம் போட்டுவிட்டார்கள். அடுத்த நிகழ்ச்சிக்கான செண்டை மேளக்காரர்கள் கதவருகே தயாராக நின்றார்கள். எங்களை மறுபக்கக் கதவு வழியாக வெளியே அனுப்பினார்கள். யாரோ ஒரு பெண் என் கையில் தண்ணீர் பாட்டிலைத் திணித்தார்.

அதற்கு முன் என்ன மாறியது

இதைச் சொல்லாவிட்டால் என் வேலைக்கு மரியாதை இல்லை.

எங்கள் கும்மிச் சேலை அரக்கு நிறத்தில், உடம்போடு ஒட்டி நிற்கும் துணி. அதன் மேல் இடுப்பில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டுவோம். ஓண நிகழ்ச்சி என்பதால் சேனலில் கசவுச் சேலை கொடுத்தார்கள். புத்தம் புதியது, கஞ்சி விறைப்பு, கண்ணாடி போல வழுக்கும் துணி. உடை பார்க்கும் பெண் இடுப்புத் துண்டை உருவி எடுத்து, கரை மறைகிறது என்றார். பிறகு ஒலிப்பதிவுப் பையன் வந்து மைக்கின் டிரான்ஸ்மிட்டர் பெட்டியை என் பாவாடை நாடாவில் பின்பக்கமாக மாட்டினான். உள்ளங்கை அளவுப் பெட்டி, உள்ளே பேட்டரி. நின்றால் அது ஒன்றுமில்லை. குதித்தால் ஒவ்வொரு குதிக்கும் அது நாடாவைக் கீழே இழுக்கும். நாடா தளர்ந்தால் கொசுவத்துக்குப் பிடி ஏது? எல்லா இழுப்பும் அந்த ஒரு ஊக்குக்குப் போனது.

ஆக, துணி, துண்டு, பெட்டி. இந்த மூன்று மாற்றங்களில் எந்த இரண்டு மட்டும் நடந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்றே இன்றும் நினைக்கிறேன்.

எத்தனை வகைப் பேச்சு

வேன் பாலக்காடு தாண்டுவதற்குள் வீடியோ எங்களை முந்திக்கொண்டு ஊருக்குப் போய்விட்டது.

கீழே எழுதியவர்களை நான் வகை பிரித்தேன். கசவு உடுக்கத் தெரியாத பாண்டிகள் என்று, தமிழர்களை இளக்காரமாகச் சொல்லும் சொல்லோடு மலையாளத்தில் எழுதியவர்கள் ஒரு வகை. நம் கும்மிக்கு எதற்குக் கேரளாச் சேலை, நன்றாக வேண்டும் என்று தமிழில் எழுதியவர்கள் இன்னொரு வகை. இரண்டு மாநிலமும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. பேர் வாங்க வேண்டுமென்றே செய்தது என்றவர்கள் மூன்றாவது. நான்காவது வகையை எழுத வேண்டாம்.

வெள்ளை உள்பாவாடையின் ஓரத்தில் ஒரு கிழிசல் இருந்தது. அதைக் கறுப்பு நூலில் தைத்திருந்தேன். அதையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் அம்மா அடுப்படியிலிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்புள்ள, வெள்ள நூலு ஊட்டுல இல்லியா?"

நான் சிரித்திருக்க வேண்டும். முடியவில்லை.

சிரிக்க வைத்தது முத்துலட்சுமி. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி, ஏலப்பாறைக்காரி. அவள் அப்பா அங்கே தேயிலை ஃபாக்டரியில் வேலை செய்கிறார், லயம் என்கிற எஸ்டேட் வரிசை வீட்டில் குடியிருக்கிறார். போனில் எடுத்ததுமே கேட்டாள்.

"ஏ நந்தினி, அழுறியாடி?"

"இல்ல."

"அழாதடி. இங்க லயத்துல பூரா ஒன் வீடியோதான் ஓடுது. ஒரு 'அட' சொன்னேல்ல? ஃபாக்டரில மிசினு நின்னா இப்ப எங்கப்பா மொதக்கொண்டு அதத்தான் சொல்றாக. ரோலர் நிக்குது, ஒருத்தன் 'அட'ங்கான், எல்லாவனும் சிரிக்கான்."

"இது ஆறுதலா?"

"பின்ன? ஒரு சொல்லுல ஏலப்பாறைய புடிச்சிட்டியே. எலெக்சன்ல நிக்கலாம்."

அப்பாவால் அப்படிச் சிரிக்க முடியவில்லை. அவர் தக்காளியும் தேங்காயும் கொண்டுபோகும் சந்தையில் எல்லோரும் தெரிந்தவர்கள். ஒரு நாள் மதியம் சாப்பாட்டை அளைந்துகொண்டே சொன்னார்.

"கேலி பண்ணுனாங்கன்னா பதிலுக்கு நாலு நாயம் பேசிப்போடலாங் கண்ணு. ஆருமே ஒண்ணுஞ் சொல்றதில்ல. நா கிட்ட போனா போனக் கவுத்து வெச்சுக்கறாங்க. அதுக்கு என்னத்த பதில் சொல்றது?"



"இனி இந்த டிவி கிவியெல்லாம் வேண்டாம்" என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை.

சாவித்திரியக்காவின் விசனம்

குழு கிட்டத்தட்டக் கலைந்துவிட்டது. பயிற்சிக்கு யாரும் வரவில்லை. சிலரை வீட்டில் விடவில்லை, சிலர் வீட்டைச் சாக்குச் சொன்னார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் தையல் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று தயாரானேன்.

"கண்ணு, எனக்கு ஒறக்கமே வர்றதில்ல."

"சேலைக்கெல்லாம் நீங்க வெசனப்படாதீங்க்கா."

"சீல கெடக்குது. சீல ஆருக்குத்தான் அவுறல? நா அதச் சொல்லல. நாம பாட்ட எங்க உட்டோம்னு ரோசன பண்ணுனியா?"

யோசித்தேன். முருகன் கிழவர் வேடம் போட்டுத் தினைப்புனத்துக்கு வருகிறார். வள்ளியிடம் தேனும் தினைமாவும் வாங்கித் தின்கிறார். விக்கல் எடுக்கிறது. தண்ணீர் கேட்கிறார்.

"விக்கல்ல நின்னுபோச்சுங்க்கா."

"அதத்தான் சொல்றேன். கெழவன் விக்கீட்டே நிக்கறான். தண்ணி குடுக்காம அவன உட்டுப்போட்டு நாம வேன் ஏறி வந்துட்டோம்."

எங்கள் பக்கத்தில் கும்மிக்கு ஒரு கட்டு உண்டு. பிள்ளையார் பாட்டுப் பாடித் தொடங்கினால் வள்ளி கல்யாணம் முடித்து மங்களம் பாடியே தீரவேண்டும். மழை வந்தால் ஒதுங்கி நின்று, விட்ட பிறகு அதே களத்துக்கு வந்து மீதியைப் பாடுவார்கள். வேறு இடத்தில் பாடினால் கணக்கில் சேராது. தொடங்கிய மண்ணில்தான் முடிக்கவேண்டும்.

"நம்ம களத்துலயே பாடி முடிச்சரலாங்களா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"தொடங்குனது எங்க?"

"ஸ்டூடியோவுல. ஆனா அது மண்ணே இல்லீங்க்கா, பிளைவுட்டு."

"பிள்ளையாரக் கூப்பிட்டது அந்தப் பலவ மேலதான? அங்கதான் முடிக்கோணும்."

எனக்கு இந்த வழக்கத்தில் எவ்வளவு நம்பிக்கை என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. ஆனால் அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஒன்று தெளிவாக இருந்தது. அந்த வீடியோவை நீக்கச் சொல்லி எத்தனையோ பேருக்கு எழுதிவிட்டேன், பயனில்லை. அது இருக்கும். எனக்கு அதை அழிப்பதைவிட, அது நின்ற இடத்துக்குப் பிறகு என்ன வரவேண்டுமோ அதைச் சேர்ப்பது செய்யக்கூடிய வேலையாகத் தோன்றியது.

மூன்று நிபந்தனைகள்

இதற்குள் சேனலிலிருந்தே அழைத்தார்கள். ஜிதின் என்ற தயாரிப்பாளர், மிகவும் மரியாதையான குரல். மறுபடியும் நேரலைக்கு வரவேண்டும் என்றார்.

"கும்மிக்கா?"

"ஆட்டம் அல்ல சேச்சி. அன்னத்தெ சங்கடம் ஒன்னு பறஞ்ஞால் மதி."

அன்றைய வருத்தத்தைச் சொன்னால் போதுமாம். ஆட வேண்டியதில்லை. உட்கார வைத்துக் கேட்பார்கள். நான் கண் கலங்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அந்த "மதி"யில் அது இருந்தது.

வருகிறேன் என்றேன். என் நிபந்தனைகளை எழுதி அனுப்பினேன். எங்கள் சொந்தச் சேலை, இடுப்புத் துண்டோடு. விட்ட இடத்திலிருந்து மங்களம் வரை இடையில் வெட்டாமல் ஆட்டம். அழுகையைப் பற்றிக் கேள்வி கிடையாது. மூன்றுக்கும் அவர் சம்மதம் எழுதினார்.

அப்பாவிடம் சொன்னேன்.

"எம்பேச்சு எடுபடாதுன்னா எங்கிட்ட என்னத்துக்குக் கேக்கற?"

"கேக்கலீங்ப்பா. சொல்றேன். ஒளிச்சுட்டுப் போக இஷ்டமில்ல."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

மற்ற பெண்களை அக்கா பார்த்துக்கொண்டார். வீடு வீடாகப் போய் அவர் சேலையைப் பற்றியோ மானத்தைப் பற்றியோ பேசவே இல்லை. "கெழவனுக்குத் தண்ணி குடுக்க ஆராராரு வர்றீங்க?" என்று மட்டும் கேட்டார். அதற்கு எந்த வீட்டில் எப்படி மறுப்பது?

அடுத்த ஞாயிறு முதல் எங்கள் நெல் களத்தில் சோதனை. மைக் பெட்டிக்கென்று தோளிலிருந்து குறுக்காகப் போகும் தனி வார் ஒன்றை அக்கா தைத்துக் கொடுத்தார். சேலைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கக்கூடாது என்பது என் விதி. பெட்டிக்குப் பதில் அதே கனத்தில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு குதித்தேன்.

"இன்னும் எச்சாக் குதி புள்ள" என்றாள் ரேவதி. குழுவில் வாய்த்துடுக்கு அவளுக்குத்தான். "இன்னைக்கு அவுந்தா எங்க நாலு எருமையும் பாக்கும், அவ்வளவுதான்."

"எருமைங்க கிட்ட போன் இல்லியே."

"அதான் நல்ல சாதி."

அவிழவில்லை. தரையில் உட்கார்ந்து எழுந்தேன், சுற்றினேன், ஓடினேன். அவிழவில்லை. ஆனால் ஸ்டூடியோவில் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். சோதனை பயத்தைப் போக்கவில்லை. பயம் இருந்தாலும் போகலாம் என்று காட்டியது, அவ்வளவே.

அதே பலகை

அதே தரை. அதே விளக்குகள். மேலே கிரேன். இந்த முறை உள்ளே நுழைந்ததும் எல்லோரும் தலையைத் தூக்கி அதைத்தான் பார்த்தார்கள்.

"இந்தக் கொக்குத்தானா?" என்றாள் ரேவதி.

நிகழ்ச்சி தொடங்கியது. தொகுப்பாளர் என்னைத் தனியாக ஒரு மூலைக்கு அழைத்தார். அழகாகச் சிரித்தார். மைக்கை நீட்டி, கண்களைச் சற்றுத் தாழ்த்தி, மலையாளத்தில் கேட்டார்.

"அன்னு ஒருபாடு கரஞ்ஞு காணும், அல்லே?"

அன்று நிறைய அழுதிருப்பீர்கள், இல்லையா? மூன்றாவது நிபந்தனை அங்கேயே போனது. கேமராவின் பின்னால் நின்ற ஜிதின் என் கண்ணைப் பார்க்கவில்லை.

எல்லைப் பள்ளியில் படித்தவள் நான். மலையாளத்துக்கு எனக்கு யாருடைய உதவியும் வேண்டாம்.

"இல்லா," என்றேன். "பாட்டு பாதியில் நின்னு போயி. பாக்கி பாடான் வந்நதா."

பாட்டு பாதியில் நின்றுவிட்டது. மீதியைப் பாட வந்திருக்கிறோம்.

அவர் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தார். "வீட்டுகார் எந்து பறஞ்ஞு..." வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டு முடிப்பதற்குள் எனக்குப் பின்னால் சாவித்திரியக்கா கைகொட்டிப் பாட்டை எடுத்துவிட்டார். அவருடைய மைக்கும் உயிரோடுதான் இருந்தது. கேள்வி அதில் மூழ்கிப்போனது. தவில் சேர்ந்தது. நான் தொகுப்பாளரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வட்டத்துக்குள் என் இடத்துக்கு ஓடினேன்.

கிழவர் விக்கினார். வள்ளி சுனையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முதல் குதி வந்தது. என் கை தானாக இடுப்புக்குப் போனது. அதைப் பிடித்து இழுத்துத் தாளத்துக்குக் கொண்டுவந்தேன். இரண்டாவது குதிக்கும் கை போகப் பார்த்தது. வள்ளியை மிரட்டப் பிள்ளையார் யானையாக வந்த இடத்தில் மறந்துவிட்டேன். யானைக்கு நல்ல வேகம் வேண்டும், வேறு எதையும் நினைக்க முடியாது.

கல்யாணத்துக்கு வந்தோம். வள்ளியின் கழுத்தில் மாலை விழும் அடி. அப்போது எதிரே இருந்த கேமராவின் நெற்றியில் எரிந்த சிவப்பு விளக்கு அணைந்தது. பக்கத்துக் கேமராவைப் பார்த்தேன். அதிலும் இல்லை. மேலே பார்த்தேன். அங்கும் இல்லை.

எந்தக் கேமரா வெளியே போகிறதோ அதில் அந்த விளக்கு எரியும். எதிலுமே எரியவில்லை என்றால் விளம்பரம். எங்கள் வட்டத்தில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். கேமராவின் அருகே ஜிதின் போதும் போதும் என்று கையைச் சுற்றிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் உலகமே பார்க்கிறது என்ற முகத்தோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னை நோக்கி அடுத்த அடியை எறிந்தார்.

வாங்கினேன். இருந்த குரலையெல்லாம் போட்டு வாங்கினேன்.

கல்யாணம் முடிந்தது. மங்களம் தொடங்கியது. ஜிதின் கையைச் சுற்றுவதை நிறுத்திவிட்டார். கதவருகே அடுத்த நிகழ்ச்சிக்காரர்கள் வந்து நின்றார்கள். நாங்கள் அவசரப்படவில்லை. கடைசி அடியை வழக்கம் போல மூன்று முறை பாடி, எல்லோரும் குனிந்து அந்தப் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம்.

வெளித் தாழ்வாரத்தில் அக்கா வேர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "எல்லா ஊருக்கும் போயிருக்குமல்லோ, கண்ணு?"

பொய் சொல்ல வரவில்லை. "இல்லீங்க்கா. மால போடறப்பவே வெட்டிட்டாங்க."

"அப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா அத்தன சத்தமாப் பாடுன?" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு, செருப்பைத் தேடிப் போனார்.

போன் அடித்தது. அப்பா. பின்னால் சந்தை இரைச்சல், கூடவே ஏதோ பவுடர் விளம்பரப் பாட்டு. வீட்டில் இல்லை, டீக்கடை டிவி முன்னால் இருந்தார்.

"ஏங் கண்ணு, மாலயப் போடறதுக்குள்ள வெளம்பரத்தப் போட்டுட்டான். மங்களம் பாடுனீங்களா, இல்லியா?"

"பாடிட்டமுங்ப்பா."

"முச்சூடும்? கடேசி அடி வரைக்கும்?"

"முச்சூடும்."

அவர் போனை வாயிலிருந்து விலக்கினார். யாரிடமோ, சந்தைக்கே கேட்கும் குரலில் சொன்னார்.

"பாடிட்டாங்களாமா!"